இரண்டடி செடித்தொட்டியில் எந்த மீனை விடலாம்?

கேள்வி, ஏப்ரல் 6

வீட்டில் 2×1×1 அடி மீன்தொட்டி வைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. செடிகள் வேர் பிடித்துவிட்டன: முன்னால் கிரிப்டோகோரைன், கட்டையில் ஆனுபியாஸ், பின்னால் வாலிஸ்னேரியா. இடம் மடிப்பாக்கம். போர் தண்ணீர், டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. நியான் டெட்ரா 20, தரையில் மேயும் கோரி 6, குள்ள கௌராமி ஒரு ஜோடி, பாசி தின்ன ஒரு சக்கர். இதுதான் திட்டம். மனைவிக்கு ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி வேண்டுமாம். சரியாக வருமா?

ஏப்ரல் 6, இரவு

வராது.

ஏஞ்சலை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வளர்ந்த ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து 20 செ.மீ. உயரத்தைத் தாண்டும். உங்கள் தொட்டியின் உயரமே 30. அதில் மண்ணையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் ஏஞ்சல் நிமிர்ந்து நிற்கத்தான் இடம் இருக்கும். நியான்கள் அதன் வாய்க்கு அளவெடுத்துச் செய்தவை. சக்கரையும் அடியுங்கள், அதைப் பற்றி எனக்கு ஒரு தனிப் புலம்பல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மிச்சத்தைப் பார்ப்போம். தொட்டியை 54 லிட்டர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். 60×30×30, சரிதான். ஆனால் 5 செ.மீ. மண், மேலே 3 செ.மீ. காலி. 60×30×22 என்று போட்டால் 40 லிட்டர்கூட இல்லை. கட்டையும் கல்லும் வேறு இருக்கின்றன. ஆக, கையில் இருப்பது இரண்டு பபிள் டாப் கேன் தண்ணீர். அதில் 28 மீன்.

அப்புறம் நியான். தென்னமெரிக்காவில் இலை ஊறிய, கிட்டத்தட்ட மழைநீர் போன்ற மென்மையான தண்ணீரில் பிறந்த இனம். பண்ணையில் பல தலைமுறை பழகிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் 900-ஐயும் சென்னை வெயிலையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் எண்ணிக்கை பாதியாகும். எனக்கு 15 பன்னிரண்டாகி, ஏழாகி, கடைசியில் ஒன்று மட்டும் இரண்டு வருடம் தனியாகச் சுற்றியது.

ஏப்ரல் 7

நேற்று எழுதியதில் ஒரு தவறு. டிடிஎஸ்ஸையும் கடினத்தன்மையையும் ஒன்று போலப் பேசிவிட்டேன். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் மீட்டர் ஒரே எண்ணில் கொட்டிவிடும். அந்த 900-இல் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கடற்கரை ஓரப் பகுதிகளில் பாதிக்கு மேல் உப்பாகவே இருக்கலாம். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கிட் ஒன்று வாங்குங்கள். மீனுக்குச் செலவழிக்கும் முன் அதற்குச் செலவழியுங்கள். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், கழிவிலிருந்து வரும் அம்மோனியா பூஜ்யமா என்று பார்த்தீர்களா? செடி நன்றாக இருப்பதால் தொட்டி தயார் என்று அர்த்தமில்லை. அதிலும் நம் ஊரில் பிஹெச்சும் சூடும் இரண்டுமே அதிகம். அதே அளவு அம்மோனியா இங்கே இன்னும் கொடிய விஷம்.

ஆர்ஓ தண்ணீர் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலக்கலாம். ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ. ஆர்ஓ 60 என்று வைத்தால் 270 வரும். வாரம் 10 லிட்டர் மாற்றினால் ஏழரை லிட்டர் ஆர்ஓ, பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் என்னவென்றால் மூன்றாவது மாதம் சோம்பல் வந்து நேரடியாக போர் தண்ணீரை ஊற்றுவது. எனக்கு வந்தது.

ஏப்ரல் 9

"ஜோடிக் கணக்கில்தானே தருகிறார்கள்" என்று கேட்டதற்காக இது.

அங்கேதான் எல்லாம் கெடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகிறோம். தெரு முழுக்க மீன் கடை. எல்லாவற்றுக்கும் விலை ஜோடிக்கு. மோலி ஒரு ஜோடி, பிளாட்டி ஒரு ஜோடி, டெட்ரா ஒரு ஜோடி, பார்க்க அழகாக இருக்கிறதே என்று டைகர் பார்ப் ஒரு ஜோடி. வீட்டுக்கு வரும்போது கையில் ஆறு பை, தொட்டியில் கதம்ப சாதம். டெட்ராவும் பார்ப்பும் கூட்ட மீன்கள். ஜோடி என்பது புறாவுக்கும் கௌராமிக்கும் பொருந்தும். இரண்டே இரண்டு டெட்ரா என்றால் செடிக்குப் பின்னால் ஒளிந்தபடியே ஆயுளைக் கழிக்கும். இரண்டே இரண்டு டைகர் பார்ப் என்றால் ஒளியாது, மற்றவற்றின் துடுப்பைக் கடிக்கும்.

ஒரு கூட்டம், ஒரு நாயகன், வேண்டுமானால் தரையில் மேய ஒரு குழு. 40 லிட்டருக்கு அவ்வளவுதான். ஜப்பானியச் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ லிஸ்பனில் 2015-இல் அமைத்த 40 மீட்டர் தொட்டியைப் படத்திலாவது பாருங்கள். 1,60,000 லிட்டர்.  அவ்வளவு இடத்திலும் மனிதர் சின்ன டெட்ராக்களைக் கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார். காடு பெரிதாகத் தெரிவதே அந்த மீன்கள் சின்னதாக இருப்பதால்தான். உங்கள் இரண்டடிக்கும் அதே தந்திரம்தான். 10 செ.மீ. மீனை விட்டால் தொட்டி வாளி போலத் தெரியும். 3 செ.மீ. மீனை விட்டால் உங்கள் வாலிஸ்னேரியா மரமாகிவிடும்.

ஏப்ரல் 14

புத்தாண்டுக்கு மதுரையிலிருந்து மாமா வந்திருந்தார். என் தொட்டி முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாப்ளே, இதுல அயிரை இல்லையே" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார். ஆனால் சொல்லப்போனால் அயிரை செடித்தொட்டிக்கு நல்ல மீன்தான். விரல் நீளம், மணலில் தலைகுப்புறப் பாய்ந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்காரும், கீழே விழும் தீனியைப் பொறுக்கும், வெயிலுக்கு அசராது. முன்பு ஒரு முறை நான்கு வைத்திருந்தேன். உயிரோடு விற்கும் மீன் என்பதால் கிடைப்பதும் சுலபம், மண்சட்டியில் உப்புப் போட்டு உரசுவதற்கு முன்னால் நாம் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூர்மையான கல் போட்ட தொட்டிக்கு வேண்டாம், மணல் கட்டாயம். குட்டைச் செடிகளைப் பிடுங்கிப் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் படரும் என் மாண்டே கார்லோ செடிக் கம்பளம் பாதி அதனால்தான் போனது, மீதி என் அலட்சியத்தால்.

நம்ம ஊர் மீன் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு இருக்கிறதே, அந்த ஆற்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சின்ன மீன் இருக்கிறது. 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதற்கு கூபானுஸ் என்று பெயர் வைத்தார். இன்றைய பெயர் சூடோஸ்ப்ரோமெனஸ் கூபானுஸ். கௌராமிக்குத் தூரத்து உறவு, 6 செ.மீ. போல வளரும், மேலே வந்து காற்றை விழுங்கும். பழுப்பாக, ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஜோடி சேரும்போது பார்க்க வேண்டும். கடையில் கேட்டால் முழிப்பார்கள். வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

டெனிசன் பார்ப் பற்றி யாரும் ஆரம்பிக்காதீர்கள். மிஸ் கேரளா அழகிதான். 15 செ.மீ. வளரும், ஓடும் தண்ணீர் வேண்டும், நான்கடிக்குக் குறைந்து யோசிக்கவே கூடாது. காட்டில் அருகிவரும் இனம் வேறு.

ஏப்ரல் 20

"வேண்டாம் வேண்டாம் என்கிறீர்கள், எதைத்தான் விடுவது?" நியாயமான கோபம்.

கிட் முடிவு ஜிஹெச் 17 என்று போட்டிருக்கிறீர்கள். ஆர்ஓ கலக்க மனமில்லை என்றால் ஆண் கப்பி பத்து. முகம் சுளிக்காதீர்கள். கப்பிக்கும் பிளாட்டிக்கும் கடினத் தண்ணீர்தான் சுகம். பெண்ணைச் சேர்க்க வேண்டாம். மாதம் ஒரு பிரசவம். ஆணே இல்லாவிட்டாலும் முன்பு வாங்கிவைத்த விந்தை வைத்துக்கொண்டு பல மாதங்கள் குட்டி போடும். என் மைத்துனி "ரெண்டே ரெண்டு பொண்ணுதானே" என்று வாங்கி, தீபாவளிக்குள் அடுக்ககம் முழுக்கக் கப்பி விநியோகம் செய்தாள்.

கலப்பீர்கள் என்றால் என் ஓட்டு செர்ரி பார்ப், எட்டு. இலங்கையின் தென்மேற்கில் நிழல் விழும் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன். இங்கே விற்பதெல்லாம் பண்ணையில் பிறந்தவை. 5 செ.மீ. பார்ப் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது சாது. மூன்று ஆண், ஐந்து பெண் என்று கேளுங்கள். ஆண் சிவப்பாக இருக்கும், கடைக்காரர் சிவப்பை மட்டும் பிடித்துப் போடப் பார்ப்பார். பெண் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பும் நாளாக ஆக மங்கும், யாருக்காக உடுத்துவது?

நாயகன் இடத்துக்குத் தேன் கௌராமி ஒரு ஜோடி. உங்கள் பட்டியலில் இருக்கும் குள்ள கௌராமி பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அதை விடாமல் துரத்தும் ஒரு வைரஸ் நோய் உண்டு, மருந்து கிடையாது. தேன் கௌராமி கங்கை, பிரம்மபுத்திரா சமவெளி மீன், நிதானமானது, மிதக்கும் செடி இருந்தால் அதன் அடியில் குடித்தனம் நடத்தும். ஏஞ்சல் கேட்டவரிடம் இதைக் காட்டிப் பாருங்கள். அதன் வயிற்றடியில் இரண்டு நூல் இருக்கும், மீசை போல. எதைப் பார்த்தாலும் அதால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அதற்கு மயங்காதவர் எங்கள் வீட்டில் இல்லை.

கோரி வேண்டுமென்றால் ஸ்டெர்பாய் கோரி சூட்டைத் தாங்கும். பாண்டாவும் பெப்பரும் குளிர் ஊர்க்காரர்கள், ஊட்டியில் இருப்பவர் வளர்க்கட்டும். உங்கள் 40 லிட்டருக்கு இதை இப்போது சேர்க்காதீர்கள். எட்டு பார்ப்பும் இரண்டு கௌராமியும் இரண்டு மாதம் ஓடட்டும்.

ஏப்ரல் 21

மறந்தது: மூடி. செர்ரி பார்ப் குதிக்காது என்று சொல்வார்கள். காலையில் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் கிடைத்தது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 27

வாங்கிவிட்டீர்கள், எட்டுக்கு ஒன்பது கொடுத்தார்கள், நல்லது. பையை மிதக்கவிட்டு அப்படியே கொட்டவில்லையே? மருந்துக்கடையில் டிரிப் செட் வாங்குங்கள், ஊசியை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பயன்படுத்தலாம். மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து வாளிக்குச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம். உருளையைத் திருப்பி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மீன் கடை விற்கும் எந்தக் கருவியையும் விட இது மேல்.

மே 12

கத்திரி. மதியம் என் தொட்டி 33 டிகிரி.

முன்பு ஒரு பதிலில், தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் 3, 4 டிகிரி இறங்கும் என்று எழுதியிருந்தேன். வாபஸ். அது பெங்களூர் நண்பர் வீட்டில் பார்த்த கணக்கு. ஆவியாகும்போதுதானே குளிரும்? நம் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் சொட்டுகிறது, ஆவியாக இடமில்லை. இங்கே ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. ஆனாலும் வையுங்கள். குறையும் தண்ணீரை ஆர்ஓவால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஜூன் மாதம் மீட்டர் உங்களைத் திட்டும்.

சூட்டை விட அதனால் குறையும் ஆக்சிஜன்தான் எமன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும். 32-இல் 7.3 தான். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அதே சூட்டில் மீன் வேகமாக மூச்சு விடும், பாக்டீரியாவும் வேகமாகச் சாப்பிடும், இரவில் செடியும் ஆக்சிஜனை இழுக்கும். எல்லாம் சேர்ந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கணக்கைத் தீர்க்கும்.

எனக்கு முன்பு ஒரு முறை அப்படித் தீர்ந்தது. சர்க்கரை, ஈஸ்ட் போட்டு பாட்டிலில் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு செய்யும் ஏற்பாடு வைத்திருந்தேன். இரவில் அதை நிறுத்த முடியாது. மே மாதச் சூட்டில் ஈஸ்டுக்கும் உற்சாகம், இரு மடங்கு குமிழி. போதாததற்கு நள்ளிரவில் மின்வெட்டு, ஃபில்டர் நின்றது. காலையில் எழுந்தால் பதினொரு கார்டினல் டெட்ராக்கள் மேலே மிதந்தன. நியானைவிட கார்டினல் சூடு தாங்கும், அதற்காகத்தான் தேடி வாங்கினேன். சூடு தாங்கியது, மூச்சு கிடைக்கவில்லை. அதே தொட்டியில் இரண்டு தேன் கௌராமிகள் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு நின்றன.

அந்தக் காலையில்தான் என் பட்டியல் மாறியது. ஏப்ரல் 20 அன்று கௌராமியை அழகுக்காகச் சிபாரிசு செய்தது போல எழுதிவிட்டேன். உண்மைக் காரணம் இதுதான்.

மே 13

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனதும் தானாக ஓட ஆரம்பிக்கும் வகை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும், புலம்பலில் விட்டுப்போனது.

ஜூன் 8

இப்போது சக்கர் புலம்பல்.

கண்ணாடியில் பாசி. கடையில் "டேங்க் கிளீனர் சார், ஒண்ணு போடுங்க" என்று விரல் நீள மீனைக் கொடுத்தார்கள். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். ஒரு வருடத்தில் அது என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. அது தின்ற பாசி கையளவு, போட்ட கழிவு கூடையளவு. ஆனுபியாஸ் இலையை ராவி ராவி வலை போலாக்கியது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் சிரித்தார். "ஏரியில விட்டுருங்க சார்." அதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி விட்டு விட்டுத்தான் நம் ஏரிகளில் வலை வீசினால் கெண்டைக்குப் பதில் இது ஏறுகிறது. முள்ளும் தகடுமாக வலையைக் கிழிக்கும், விலையும் போகாது. கடைசியில் சிமென்ட் குளம் வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு சயாமிஸ் ஆல்கே ஈட்டர் என்று சொல்லிச் சீன ஆல்கே ஈட்டரைத் தலையில் கட்டினார்கள். சயாமிஸுக்குக் கறுப்புக் கோடு வால் நுனி வரை ஓடும். சீனத்துக்கு வாய் உறிஞ்சி போல அடியில் இருக்கும். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். உண்மையான சயாமிஸும் 15 செ.மீ. போகும், இரண்டடிக்கு அதுவும் வேண்டாம்.

உங்கள் பாசிக்கு மீன் தேவையில்லை. விளக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன், பன்னிரண்டு என்றீர்கள். ஏழாகக் குறையுங்கள்.

ஜூன் 30

பாசி குறைந்ததா? அதைச் சொல்லாமல் ஓட்டோவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஓட்டோசிங்க்லஸ் என்னும் அந்தப் பாசி தின்னி சின்னது, செடிக்குப் பரம சாது. ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து, பட்டினியோடு கடைக்கு வருவது. வயிறு ஒட்டி இருந்தால் வாங்காதீர்கள். புதுத் தொட்டியில் சாகும். ஆறு மாதம் போகட்டும். அதுவரை செர்ரி ஷ்ரிம்ப் பத்து விடுங்கள். பெயரில் செர்ரி இருப்பதைத் தவிர உங்கள் பார்ப்புக்கும் அதற்கும் உறவில்லை. குட்டி ஷ்ரிம்ப்பை பார்ப் தின்னும், பாசிப்பந்து போட்டால் சில தப்பும். தாமிரம் கலந்த மீன் மருந்து எதையும் அதன் பிறகு தொடாதீர்கள்.

ஆகஸ்ட் 17

மின்னும் டெட்ரா பற்றிக் கேட்டவருக்கு: அது சாயம் அல்ல, மரபணு மாற்றிய மீன். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது, விற்கிறார்கள். சாயம் ஏற்றுவது வேறு கதை, பாவம் நம் கண்ணாடி மீனுக்கு ஊசி போட்டு ஏற்றுவார்கள். இரண்டையும் நான் வாங்குவதில்லை.

தீனி. பார்ப் மெலிந்திருக்கிறது என்ற படத்தைப் பார்த்தேன். காய்ந்த உருண்டையை மட்டும் போட்டால் அப்படித்தான். நான் மாடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கொசுப்புழு பிடித்துக்கொண்டிருந்தேன். தொட்டி வரலாற்றிலேயே மீன்கள் அவ்வளவு சிவந்து பார்த்ததில்லை. கொசு ஒழிப்புக்கு வந்தவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பக்கம்தான் நியாயம். இப்போது ஆர்ட்டீமியா என்னும் குட்டி உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரிக்கவைத்துப் போடுகிறேன்.

நவம்பர் 3

மழை. மாடியில் அகலமான பாத்திரம் வைத்துப் பிடித்தேன், மீட்டர் 14. முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அது ஊர்த் தூசியைக் கழுவிக்கொண்டு வருவது. அப்புறம் வருவதை இரண்டு மூன்று டிரம்மில் மூடி வைத்தால் சில மாதங்கள் ஆர்ஓ பக்கம் போக வேண்டாம். நேராக ஊற்றாமல் போர் தண்ணீரோடு கலந்தே ஊற்றுங்கள். வெறும் மழைநீரில் கேஹெச் இருக்காது, பிஹெச் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று ஆடும்.

நவம்பர் 19

ஜிஹெச் 6, ஒன்பது பார்ப்பும் இருக்கின்றன என்று படித்தேன். மே மாதம் ஒன்றுகூடப் போகவில்லையா? எனக்கு இரண்டு போயின. பொறாமைதான்.

ஆண் கௌராமியின் தொண்டை கறுத்துவிட்டது, நோயா என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். நோய் இல்லை. மிதக்கும் செடிக்கு அடியில் நுரை தெரிகிறதா பாருங்கள், அது கூடு. ஃபில்டர் ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள், நுரை கலைந்தால் அது மறுபடி முதலிலிருந்து ஊத வேண்டும். முட்டை விழுந்த பிறகு பெண்ணைத் துரத்தும், அடர்ந்த செடி பக்கம் அதற்கு இடம் விடுங்கள். பார்ப்புகள் கூட்டைச் சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்தால் அந்த நுரையை ஒரு கிண்ணத்தால் அப்படியே மொண்டு தனி வாளியில் வையுங்கள்.

நவம்பர் 19, இரவு

கிண்ணம் வேண்டாம். என் வீட்டம்மா படித்துவிட்டு, போன முறை நான் கிண்ணத்தால் மொண்டபோது பாதி முட்டையைக் கொட்டியதை நினைவுபடுத்தினாள். பிளாஸ்டிக் டம்ளரை அறுத்து, கரண்டி போலச் செய்துகொள்ளுங்கள்.